இன்றைக்கும் வத்தக்குழம்பா?

கேள்வி: உங்கள் சமையல் பக்கத்தில் வத்தக்குழம்பு, மிளகு ரசம், பருப்புத் துவையல் என்று அரைத்த மாவையே அரைக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் 'இன்னைக்கும் இதேவா?' என்று தட்டைத் தள்ளுகிறார்கள். யூடியூபைத் திறந்தால் தினம் ஒரு புது அயிட்டம் வருகிறது. வாரத்துக்கு ஒரு புதுக் குறிப்பாவது நீங்கள் தரக் கூடாதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தரலாம் அம்மா, அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் ஒரு முறை செய்துவிட்டு மறந்துபோகிற குறிப்பை அச்சடிக்க எனக்கு மனமில்லை. வாழ்நாள் முழுக்கக் கூட வருகிற நாலைந்து குறிப்புகளைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் அந்தப் பக்கத்தையே தொடங்கினோம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வத்தக்குழம்பை நீங்கள் நூறு தடவையாவது வைத்திருப்பீர்கள். அதில் எத்தனை தடவை, எண்ணெய் பிரிந்து மேலே வந்து நிற்கிற வரைக்கும் பொறுத்திருந்தீர்கள்? நேரமில்லாத நாளில் அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கி இறக்கிவிடுகிறோம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பிள்ளைகள் தள்ளுவது பெரும்பாலும் அந்தக் குழம்பைத்தான். புளியின் பச்சை வாசனை போகாத குழம்பை எந்தப் பிள்ளை விரும்பும்?

நாலு பேருக்கு என்றால் சின்ன எலுமிச்சம்பழ அளவு புளி, இரண்டரை டம்ளர் தண்ணீர். நல்லெண்ணெய் நாலு மேசைக்கரண்டி. இதில் கை இழுக்கக் கூடாது. முதலில் இரண்டு மேசைக்கரண்டி சுண்டைக்காய் வற்றலை அந்த எண்ணெயில் கறுக்காமல் வறுத்துத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதே எண்ணெயில் கடுகு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கொஞ்சம் துவரம்பருப்பு, இரண்டு மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை. அப்புறம் அடுப்பைத் தணித்துவிட்டு இரண்டு தேக்கரண்டி சாம்பார் பொடியைப் போட்டு நாலு புரட்டு புரட்டி, உடனே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் பொடி கருகிக் கசந்துபோகும். பதினைந்து, இருபது நிமிடம் கொதித்துச் சுண்டி, ஓரத்தில் எண்ணெய் தெளிந்த பிறகு வறுத்த வற்றலையும் ஒரு துண்டு வெல்லத்தையும் போட்டு இறக்கலாம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும். வற்றலே உப்பு மோரில் ஊறிக் காய்ந்தது. வீட்டில் சேர்த்து வைக்கும் புளியிலும் கல்லுப்பு கலந்திருக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனாலும் குறிப்பில் பாதிதான் இருக்கிறது. மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி சிவந்திருக்கும், ஒரு வருடம் பானையில் கிடந்த பழம்புளி கறுத்திருக்கும். இரண்டையும் ஒரே அளவு எடுத்தால் ஒரே குழம்பு வராது. புதிதாக அரைத்த பொடிக்கு ஒரு காரம், டப்பாவின் அடியில் மிச்சமிருக்கும் பொடிக்கு வேறொரு காரம். கல்சட்டியில் வைத்தால் அடுப்பை அணைத்த பிறகும் கொதி அடங்காது, அதனால் கொஞ்சம் முன்னாலேயே இறக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் அந்தக் கணக்கு செல்லாது. இதையெல்லாம் எந்த வீடியோவும் உங்கள் வீட்டுப் புளியைப் பார்த்துச் சொல்லாது. திரும்பத் திரும்ப வைத்த கைதான் சொல்லும்.

எங்கள் பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்தபடியே, "பச்சை வாசனை போகலை, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்" என்பார். அடுப்பை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நான் வேலை கிடைத்துச் சென்னைக்குக் கிளம்பியபோது நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்து அளவு கேட்டேன். "நாலு தடவை வை, உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு நாலு தடவை போதவில்லை, ஒரு வருடம் ஆனது. முதல் தடவை வெந்தயம் கருகியது. பல தடவை உப்பு கரித்தது. எப்போது சரியாக வந்தது என்று நினைவில்லை. ஒருநாள் அறையில் கூட இருந்த நண்பர்கள் பேசாமல் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்கள்.

புதுசு கூடாது என்பது என் கட்சி இல்லை. இன்று மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை நினைத்துப் பார்க்க முடியுமா? அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் நம் பக்கம் வந்தது. மிளகு போலக் காரமாக இருக்கும் காய் என்று நம்மவர்கள் அதற்கு மிளகாய் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். தக்காளியும் அங்கிருந்து வந்ததுதான். தினமும் குழம்பிலும் ரசத்திலும் போட்டுப் போட்டுத்தான் இரண்டும் நம்முடையவை ஆயின. நீங்களும் புதிதாக ஒன்றை எடுங்கள், நல்லது. ஆனால் அதையே பத்து வாரம் செய்யுங்கள். பத்தாவது வாரமும் வீட்டில் கேட்டுச் சாப்பிட்டால் எனக்கு எழுதுங்கள், கட்டாயம் போடுகிறேன்.

கீரையை மூடி போட்டு வேகவைக்காதீர்கள், பருப்பும் காயும் வெந்த பிறகே சாம்பாரில் புளி ஊற்றுங்கள் என்று நாங்கள் ஐந்தாறு முறை எழுதியிருப்போம். ஆனாலும் 'கீரை ஏன் பழுப்பாகிறது', 'முள்ளங்கி ஏன் வேகவே இல்லை' என்ற கடிதங்கள் நிற்கவில்லை. வேகும் கீரையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியேற வழியில்லாவிட்டால் அதுவே பச்சை நிறத்தைக் கெடுத்துவிடும். புளியின் அமிலமோ காயை இளகவிடாமல் பிடித்துக்கொள்ளும். தினமும் செய்கிற சமையலிலேயே தெரிந்துகொள்ள இவ்வளவு இருக்கிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், தவறாக நினைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு அலுப்பு தெரிகிறது. அது குழம்பினால் வந்த அலுப்பாக எனக்குத் தோன்றவில்லை. என்ன சமைப்பது என்று யோசிப்பதும் நீங்கள், நறுக்குவதும் நீங்கள், நிற்பதும் நீங்கள். கடைசியில் 'இதேவா?' என்ற கேள்வியையும் நீங்களே வாங்கிக்கொள்கிறீர்கள் என்றால் அலுக்கத்தான் செய்யும். அதற்குப் புதுக் குறிப்பு மருந்தாகாது. அது உங்களுக்கு இன்னொரு வேலையாகத்தான் முடியும்.

பிள்ளைகளின் வயதை நீங்கள் எழுதவில்லை. பத்து வயதைத் தாண்டியிருந்தால், மகனோ மகளோ, ஞாயிற்றுக்கிழமை துவையல் அவர்கள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். அரை டம்ளர் துவரம்பருப்பு, இரண்டு மிளகாய் வற்றல், நாலைந்து மிளகு. வெறும் வாணலியில் நிதானமான தீயில் சிவக்க வறுத்து, ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், ஒரு பல் பூண்டு, உப்பு சேர்த்து, கொஞ்சமே தண்ணீர் தெளித்துக் கொரகொரப்பாக அரைத்தால் முடிந்தது. நீங்கள் பக்கத்தில் இருங்கள், கரண்டியை மட்டும் வாங்காதீர்கள். பருப்பு ஒரு பக்கம் கறுத்தாலும் பரவாயில்லை. வீட்டுக்காரருக்கு அப்பளம் சுடும் வேலையைக் கொடுங்கள்.

அடுத்த இதழின் சமையல் பக்கத்தில் மோர்க்குழம்பு வருகிறது. நாங்கள் அதைப் போடுவது இது மூன்றாவது முறை. ஊறவைத்த அரிசியையும் கடலைப்பருப்பையும் ஏன் சேர்த்து அரைக்கிறோம், நுரை கூடி வருகிற எந்த நேரத்தில் அடுப்பை அணைத்தால் தயிர் திரியாது என்பதை இந்தத் தடவை இன்னும் விரிவாக எழுதியிருக்கிறோம்.