ஹார்ட் டிஸ்க் ‘டிக் டிக்’ என்கிறதா? கரண்ட்டைப் பாருங்கள்

கேள்வி: என் லேப்டாப்பில் இரண்டே யுஎஸ்பி போர்ட். அதனால் ஒரு ஹப் வாங்கி, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, குட்டி மேசை விளக்கு எல்லாவற்றையும் அதில் செருகியிருக்கிறேன். காப்பி பண்ணும்போது பாதியில் டிஸ்க் காணாமல் போகிறது. ‘டிக் டிக்’ என்று சத்தம் வேறு. புது டிஸ்க் வாங்கிவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஹப்பைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கோடு வந்த கேபிளாலேயே நேராக லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் டிஸ்க்கில் பெரும்பாலும் குறை இல்லை. அதற்குக் கரண்ட் போதவில்லை. அப்போதும் ‘டிக் டிக்’ கேட்டால் முக்கியமான ஃபைல்களை உடனே வேறிடத்தில் எடுத்து வையுங்கள், பிறகுதான் மற்றதெல்லாம்.

யுஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கு 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். 3.0 போர்ட்டில் 900. ஹப் அதை நாலாகப் பிரித்தாலும் ஏழாகப் பிரித்தாலும் மொத்தம் அவ்வளவுதான். குழாய் ஒன்று, குடம்தான் நாலு. டிஸ்க்கின் தட்டு சுழலத் தொடங்கும் ஓரிரு நொடியில்தான் அதிகம் இழுக்கும். அப்போது கிடைக்காவிட்டால் வேகம் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும். உங்கள் காதில் விழுவது அதுதான்.

ஆக, நீங்கள் வாங்க வேண்டியது தனி அடாப்டரோடு வரும் ஹப். அட்டையில் ‘7 போர்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், அதை விடுங்கள். அடாப்டரைத் திருப்பி, பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்ற வரியைப் படியுங்கள். நாலு 3.0 போர்ட்டுக்கும் முழுதாகக் கொடுக்க 3.6 ஆம்பியர் வேண்டும். அதனால் 5 வோல்ட், 4 ஆம்பியர் என்றிருந்தால் நிம்மதி. ஏழு போர்ட் வைத்துவிட்டு 2 ஆம்பியர் அடாப்டர் தருவதும் உண்டு. ஒரு டிஸ்க், ஒரு கீபோர்டுக்கு அது போதும். இரண்டு மூன்று டிஸ்க் என்றால் பழைய கதைதான்.

இரண்டு போர்ட்டிலிருந்தும் சேர்த்துக் கரண்ட் இழுக்கும் இரட்டைத் தலை கேபிள் ஒன்றும் கிடைக்கும். வேலை செய்யும்தான், ஆனால் உங்களிடம் இருக்கிற இரண்டு போர்ட்டையும் அதுவே விழுங்கிவிடும். நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளும் வேண்டாம், வழியிலேயே வோல்ட்டேஜ் இறங்கும். அப்புறம் 3.5 அங்குல பெரிய டிஸ்க் வாங்கும் எண்ணம் இருந்தால், அதற்கு 12 வோல்ட் வேண்டும் என்பதால் அடாப்டரும் சேர்ந்தே வரும். இந்தத் தொல்லை அதில் இல்லை.

சரி, அந்த மேசை விளக்கு? அதைப் போன் சார்ஜரில் மாட்டுங்கள். வெளிச்சத்துக்கு லேப்டாப் எதற்கு!