சூடானால் இறங்கும் ஆயில் பிரஷர்

கேள்வி: தாழையூத்தில் சிமென்ட் ஏற்றி நாகர்கோவில் செல்லும் என் லாரியை வள்ளியூரில் ஐடிலில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் ஓடும் நிலையில்) நிறுத்தும்போது, ஆயில் பிரஷர் விளக்கு மினுங்குகிறது, காலையில் அப்படியில்லை. என்ஜினைப் பிரிக்க வேண்டுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இப்போதே பிரிக்க வேண்டாம், விளக்கு எரிய எரிய ஓட்டவும் வேண்டாம். சென்சாரைக் கழற்றி, அதே துளையில், அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் மெக்கானிக்கல் கேஜைப் பொருத்தி, என்ஜின் நன்கு சூடான பிறகு அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் கோளாறு சென்சாரிலோ வயரிலோதான். குறைந்திருந்தால் ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். டீசல் வாடையடித்து மட்டமும் ஏறியிருந்தால், உள்ளே கசியும் டீசல் ஆயிலை நீர்க்கச் செய்கிறது. (கெட்டி ஆயிலை ஊற்றி விளக்கை அணைக்கும் வைத்தியம் எனக்கு உடன்பாடில்லை.) அதுவும் இல்லையெனில் என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, பம்ப்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரையும், பிறகு மிகையான அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வையும் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரை அறுத்து விரித்து, மடிப்புகளில் செம்பு நிறத் துகள்கள் மின்னினால் மட்டும் பேரிங் தேய்மானத்துக்காக என்ஜினைப் பிரியுங்கள்.