வாசகர் கேள்விகள்: வீட்டு விளம்பரத் தடுப்பானுக்கு ஒரு பொத்தான்

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகன் பொங்கலுக்கு வந்தபோது, ரௌட்டர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து ‘பை-ஹோல்’ என்று எதையோ போட்டுவிட்டுப் போனான். போனில் விளம்பரத் தொல்லை வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் கூகுளில் மிக்சி, புடவை என்று தேடி முதலில் வருவதைத் தொட்டால் பக்கம் திறப்பதில்லை. அவனைக் கூப்பிட்டால் ‘மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா’ என்கிறான். தடுப்பானை நானே நிறுத்திவைக்க வழி உண்டா? (காரைக்குடி வாசகி)

பதில்: உண்டு. மகன் ஊருக்குப் புறப்படும் முன்பே செய்து கொடுத்திருக்க வேண்டிய வேலை அது. வீட்டில் தடுப்பான் வைக்கும் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் எனக்கு இந்த ஒரு புகார்தான்: சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியேறிவிடுகிறார்கள். தடுப்பானால் அவதிப்படுகிறவர் கையில்தான் அதை நிறுத்தும் பொத்தான் இருக்க வேண்டும்.

முதலில், மிக்சிப் பக்கம் ஏன் திறக்கவில்லை என்று பார்ப்போம். போன் எந்தத் தளத்தைத் திறக்கும் முன்னும் அதன் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும். கேட்ட பெயர் விளம்பரப் பட்டியலில் இருந்தால், உங்கள் பெட்டி 0.0.0.0 என்ற ஒன்றுக்கும் உதவாத முகவரியைக் கொடுத்து அனுப்பிவிடும். கூகுளில் மேலே வரும் ‘ஸ்பான்சர்டு’ இணைப்புகள் நேராகக் கடைக்குப் போவதில்லை. ‘கூகுள்ஆட்சர்வீசஸ்’ போன்ற விளம்பரப் பெயர்கள் வழியாகச் சுற்றிப் போகின்றன. அந்தப் பெயர் பட்டியலில் இருப்பதால் பயணம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அதே கடை பெரும்பாலும் கீழே சாதாரண இணைப்பாகவும் வந்திருக்கும். அதைத் தொட்டுப் பாருங்கள், பல நேரம் பொத்தானே தேவைப்படாது.

தேவைப்படும் நேரத்துக்கு, போனின் முகப்புத் திரையில் ஒரு விட்ஜெட் (செயலியைத் திறக்காமலே தொடும் பொத்தான்) வைத்துக்கொள்ளலாம். பை-ஹோலுக்கென்றே எழுதப்பட்ட செயலிகள் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் இருக்கின்றன. அவை வேண்டாமென்றால் ஆண்ட்ராய்டில் ‘ஹெச்டிடிபி ஷார்ட்கட்ஸ்’ என்ற இலவசச் செயலியிலும், ஐபோனில் கூடவே வரும் ‘ஷார்ட்கட்ஸ்’ செயலியிலும் இந்தப் பொத்தானை நாமே செய்துகொள்ளலாம். இதை மகனிடமே விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் இருக்காது.

அவரிடம் கறாராகச் சொல்ல வேண்டியவை உண்டு. பெட்டியின் முகவரி மாறாதபடி ரௌட்டரில் கட்டிவைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மின்சாரம் போய் வந்த ஒரு நாளில் ரௌட்டர் வேறு எண் கொடுத்துவிடும், விட்ஜெட் பழைய எண்ணின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பை-ஹோலின் முதன்மைக் கடவுச்சொல்லை உங்கள் போனில் போட அவர் தயங்கினால் அதற்கும் வழி இருக்கிறது. 6-ஆம் பதிப்பில் செயலிகளுக்கென்று தனிக் கடவுச்சொல் உருவாக்கலாம். அதை வைத்துத் தடுப்பை நிறுத்தலாம், தொடரலாம். உங்கள் மகனே தனியாக அனுமதித்தால் ஒழிய, அடிப்படை அமைப்புகளில் கை வைக்க முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், பொத்தானில் நேரம் இருக்க வேண்டும். பை-ஹோலில் தடுப்பை 10 விநாடி, 30 விநாடி, 5 நிமிடம் என்று நிறுத்தலாம், காலவரையின்றியும் நிறுத்தலாம். அந்தக் கடைசி வசதியை வைத்தவர் மேல் எனக்குக் கோபம். காலவரையின்றி நிறுத்துகிறவர் புடவை வாங்கிய மகிழ்ச்சியில் அதை அடியோடு மறந்துவிடுவார். ஒரு வாரம் கழித்து ‘பெட்டி கெட்டுப்போய்விட்டது’ என்று மகனுக்குப் போன் போகும். எங்கள் வீட்டில் என் மனைவியின் போனில் இருப்பது ஒரே பொத்தான், அதன் மேல் எழுதியிருப்பது ‘5 நிமிடம்’. ‘திரும்பப் போடும் பொத்தான் எங்கே?’ என்று கேட்டார். அது வைக்கவே இல்லை. 300 விநாடி முடிந்ததும் பெட்டி தானாகவே வேலைக்குத் திரும்பிவிடும்.

கேள்வி: விட்ஜெட்டை அழுத்துகிறேன். ‘நிறுத்தப்பட்டது’ என்று காட்டுகிறது. தளம் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பெட்டி நிறுத்திவிட்டது, உங்கள் பிரவுசருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. சற்று முன் கிடைத்த 0.0.0.0-வை அது கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். பிரவுசரை முழுதாக மூடித் திறங்கள்; அல்லது ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுங்கள். அப்போதும் திறக்கவில்லை என்றால் குற்றவாளி தடுப்பான் அல்ல.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கோளாறு உண்டு. ஆண்ட்ராய்டில் விட்ஜெட்டுகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும் வழக்கமான முறைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 30 நிமிடம். ஐந்து நிமிடத்தில் தடுப்பு திரும்பிவிட்டாலும், விட்ஜெட் ‘நிறுத்தப்பட்டது’ என்றே காட்டிக்கொண்டிருக்கக்கூடும். சந்தேகம் வந்தால் பிரவுசரில் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். விட்ஜெட்டின் நிறத்தை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கேள்வி: இந்தப் பெட்டி யூடியூப் விளம்பரத்தை நிறுத்துமா? (மதுரை வாசகர்)

பதில்: நிறுத்தாது. விளம்பரமும் படமும் ஒரே பெயர்களிலிருந்து வருகின்றன. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நின்றுவிடும்.

கேள்வி: விளையாட்டில் ‘விளம்பரம் பார்த்தால் நாணயம்’ என்று வருகிறதாம். அதற்காக ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன் விட்ஜெட்டை அழுத்தி அழுத்தி வீடு முழுவதற்கும் தடுப்பை நிறுத்திவிடுகிறான். என்ன செய்வது? (ஈரோடு வாசகி)

பதில்: கெட்டிக்காரப் பையன். அவன் டேப்லெட்டில் கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுத்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. செயலிக் கடவுச்சொல்லைப் புதிதாக உருவாக்குங்கள். பழையது செல்லாமல் போய்விடும்.

அவன் நாணயத்துக்கு விளம்பரம் பார்ப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால், அதற்கு வீட்டையே திறந்துவிட வேண்டியதில்லை. 2020-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்தே பை-ஹோலில் கருவிகளைக் குழுக்களாகப் பிரிக்கலாம். டேப்லெட்டை எந்தத் தடுப்புப் பட்டியலும் இல்லாத ஒரு குழுவில் போட்டுவிட்டால், விளம்பரம் அவனுக்கு மட்டும் வரும். டேப்லெட்டின் வைஃபை அமைப்பில் ‘ராண்டம் மேக்’ (கருவியின் உண்மையான அடையாள எண்ணை மறைத்து வேறொன்றைக் காட்டும் வசதி) இருந்தால் அதை மாற்றிவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் பெட்டிக்கு அதை அடையாளம் தெரியாமல் போகலாம். வங்கிச் செயலி எதுவும் அடிக்கடி முரண்டு பிடித்தால் அப்பாவின் போனுக்கும் இதே வைத்தியம் பார்க்கலாம்.

கேள்வி: நன்றாக ஓடிய விட்ஜெட், பை-ஹோலைப் புதுப்பித்த நாளிலிருந்து வேலை செய்யவில்லை. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: 2025 பிப்ரவரியில் வந்த 6-ஆம் பதிப்புக்கு மாறியிருப்பீர்கள். முன்பு ஒரு நீண்ட டோக்கனை (அடையாளக் குறியை) முகவரியோடு ஒட்டி அனுப்பினாலே போதும், தடுப்பு நின்றுவிடும். இப்போது முதலில் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போக வேண்டும். அங்கே கிடைக்கும் தற்காலிக அடையாளத்தைக் காட்டித்தான் கட்டளை இட முடியும். புதிய முறை தெரியாத பழைய செயலியைத் தூக்கிவிட்டு வேறு செயலி போடுங்கள். நீங்களே எழுதிய ஷார்ட்கட் என்றால், வேலை முடிந்ததும் வெளியேறும் கட்டளையையும் அதில் சேருங்கள். பெட்டி ஒரே சமயத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நுழைவுகளுக்குத்தான் இடம் கொடுக்கும். உள்ளே போய்ப் போய் வெளியேறாமல் விட்டால், அடுத்து அழுத்தும்போது ‘இடமில்லை’ என்று சொல்லிவிடும்.

கேள்வி: வெளியூரில் இருக்கும்போது விட்ஜெட் வேலை செய்வதில்லை. ரௌட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை) திறந்துவிட்டால் போதும் என்கிறார் நண்பர். (திருச்சி வாசகர்)

பதில்: நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தை ஊர் பார்க்கத் திறந்துவைப்பது ஓர் ஆபத்து. முகவரிக் கேள்விகள் வரும் 53-ஆம் போர்ட்டைத் திறப்பது அதைவிட மோசம். முகவரி கேட்கும் எவருக்கும் பதில் சொல்லும் பெட்டியைப் பிறர்மீது தாக்குதல் நடத்தக் கருவியாக்கிக்கொள்வார்கள். ‘வயர்கார்ட்’ அல்லது ‘டெயில்ஸ்கேல்’ என்ற வி.பி.என். (பாதுகாப்பான தனிப் பாதை) வழியாக வீட்டு வலையமைப்புக்குள் வந்தால், எந்த ஊரிலிருந்தும் அதே விட்ஜெட் வேலை செய்யும். ஆனால் ஒன்று கேட்கிறேன்: வீட்டில் ஆள் இருக்கும்போது, திருச்சியின் தடுப்பானை நீங்கள் சென்னையிலிருந்து எதற்கு நிறுத்த வேண்டும்? பொத்தானை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.