ஜெல்லில் பேண்ட் வந்தால் தடுப்பூசி ஆகிவிடுமா?

செங்குன்றம் வாசகர்: பன்றிகளுக்குக் காய்ச்சல். எந்த ஊசி போடலாம்?

வயது இல்லை, எத்தனை செத்தன என்று இல்லை. இதற்கு ஜோசியரிடம்தான் போக வேண்டும். தோலில் சாய்சதுரமாகச் சிவந்த தடிப்பு இருந்தால் எரிசிபெலாஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். பன்றிக் காய்ச்சல் என்றால் அது வைரஸ். பாக்டீரியா தடுப்பூசிக்கு அங்கே வேலை இல்லை. டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மாதவரம் ஆராய்ச்சி மாணவி: பன்றிகளைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் பாக்டீரியாவின் மேற்பரப்புப் புரதம் ஒன்றை, அதன் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றித் தயாரித்து எடுத்தேன். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் அதன் பேண்ட் (கோடு) நன்றாக வந்தது. அதைப் போட்ட சுண்டெலிகளின் டைட்டர் (ரத்தத்தில் ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதத்தின் அளவு) எலிசா சோதனையில் அரை லட்சம். பன்றிக்குப் போடலாமா?

ஊர்ப் பெயர் மட்டும் மாறி இதே கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. புரதம் கரைந்து வந்ததா, ஈ.கோலைக்குள் கரையாத கட்டியாக (இன்க்ளூஷன் பாடி) திரண்டதா என்று எழுதவே இல்லை. அந்தக் கட்டியை 8 மோலார் யூரியாவில் (அடர்ந்த யூரியா கரைசல்) கரைத்திருந்தால் அதன் மடிப்பு குலைந்திருக்கும். குலைந்த புரதத்தையே எலிசா தட்டில் பூசி, அதையே போட்ட எலியின் சீரத்தை (ரத்தத் தெளிநீர்) ஊற்றினால் டைட்டர் வராமல் என்ன செய்யும்? நாமே கேள்வித்தாள் போட்டு நாமே எழுதிய பரீட்சை அது. உயிருள்ள கிருமியின் மேல் ஆன்டிபாடி ஒட்டுகிறதா? இந்தக் கிருமிக்குச் சர்க்கரை உறை உண்டு; புரதம் அடியில் புதைந்திருந்தால் ஒட்டாது. பன்றி ரத்தத்தில் கிருமி சாகிறதா என்றும் பாருங்கள். வெற்று வெக்டர் (புரதத்தின் மரபணு இல்லாத, மரபணு ஏற்றும் டி.என்.ஏ.) ஏற்றிய ஈ.கோலையிலிருந்தும் அதே முறையில் சாம்பிள் எடுத்து கன்ட்ரோலாக வையுங்கள்; மிஞ்சிய எண்டோடாக்ஸினே (ஈ.கோலையின் மேலுறை நச்சு) பாதி வேலையைச் செய்திருக்கலாம். புரதம் திரளாமல் கரைந்து வர, ஈ.கோலையை வளர்க்கும் வெப்பத்தை 37 டிகிரியிலிருந்து 18-க்கு இறக்கி, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி.யையும் குறைத்துப் பாருங்கள். அப்புறம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்: 2005-ல் சீனாவின் சிச்சுவானில் இதே கிருமி 38 பேரைக் கொன்றது.

மணலி வாசகர்: மரபணு முறையில் செய்த ஊசி எதுவாவது சந்தைக்கு வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. குட்டிகளின் வீக்க நோய்க்கு, அதை உண்டாக்கும் ஷிகா நச்சை மரபணு மாற்றி வீரியம் போக்கிச் செய்த ஊசிக்கு ஐரோப்பாவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. அங்கே மாற்றியது நச்சின் செயலை. அதன் உருவத்தைக் கெடுக்கவில்லை. மாதவரம் மாணவி கவனிக்க.

புழல் வாசகர்: ஊசி மருந்து ஃப்ரீஸரில் உறைந்துவிட்டது. உருக்கிப் போடலாமா?

கூடாது. அலுமினியம் சேர்த்த மருந்து உறைந்தால் கட்டி தட்டிவிடும், வீரியம் போய்விடும். 2 முதல் 8 டிகிரி. எத்தனை தடவை சொல்வது?

எண்ணூர் வாசகர்: தாய்க்கு ஊசி போட்டால் குட்டிக்குப் போகுமா?

சீம்பால் வழியாகத்தான் போகும், நஞ்சுக்கொடி வழியாகப் போகாது. முதல் நாளே குடிக்கவிடுங்கள்.