பழைய கேம்கார்டர் வீடியோவைக் கணினிக்கு ஏற்றுவது: கேள்வி பதில்

எனக்கு நன்றாகத் தெரிந்தது மினிடிவி டேப். (இதில் வரும் டிவி தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ.) மற்ற வகைகளுக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். கேள்விக்குப் போகும் முன் ஒரு வேலை: கேசட்டின் முதுகில் நகத்தால் தள்ளக்கூடிய சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் ரெக், மறுபக்கம் சேவ். அதை சேவ் பக்கம் தள்ளிவிட்டு அப்புறம் கேமராவில் போடுங்கள். அப்படிச் செய்தால் தவறிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது.

கேள்வி: யூஎஸ்பி கேபிளைச் செருகினேன். கணினியில் நாலைந்து ஃபோட்டோ மட்டும் தெரிகிறது. டேப்பில் இருக்கும் வீடியோ எங்கே?

மினிடிவி கேமராவில் யூஎஸ்பி பெரும்பாலும் மெமரி கார்டில் உள்ள ஃபோட்டோக்களுக்காக வைத்தது. சில மாடல்களில் அதன் வழியே வீடியோவும் வரும், ஆனால் தரம் குறைந்த வீடியோவாக. டேப்பில் உள்ளது முழுசாக வருவது ஃபயர்வயர் (யூஎஸ்பி போல இன்னொரு வகை இணைப்பு) வழியேதான். கேமராவில் 'டிவி' என்றோ 'ஐ-லிங்க்' என்றோ எழுதிய சின்ன மூடியைத் திறந்து பாருங்கள். ஐ-லிங்க் என்பது சோனி வைத்த பெயர், பொருள் ஒன்றுதான். கேமரா பக்கம் 4 பின், கணினி பக்கம் பழையதில் 6 பின், பிறகு வந்ததில் 9 பின்.

கணினியில் அந்தத் துளை இல்லையென்றால், மேசைக்கணினிக்கு ஃபயர்வயர் கார்டு வாங்கிப் பொருத்தலாம். தண்டர்போல்ட் என்ற இணைப்புத் துளை உள்ள மேக் என்றால் அடாப்டர்களை ஒன்றோடொன்று கோத்து இணைக்கலாம். ஆனால் மேக் ஓஎஸ் 26-இல் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். பழைய மேக்கில் இந்த வேலை பாக்கி இருந்தால் அதைப் புதுப்பிக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் ஃபயர்வயர் என்று விற்கும் வெறும் கேபிளை வாங்காதீர்கள். இரண்டும் பேசும் முறையே வேறு. கம்பியைக் கம்பியோடு சேர்த்துவிட்டால் மட்டும் கேமரா கணினியோடு பேசாது.

6 பின் துளையில் மின்சாரமும் வரும். நான் ஒருமுறை மேசைக்கடியில் பார்க்காமல் கையால் தடவி, பிளக்கைத் தலைகீழாக அழுத்திவிட்டேன். துளை தேய்ந்து தளர்ந்திருந்ததால் அது உள்ளேயும் போய்விட்டது. கேமராவின் ஃபயர்வயர் அன்றோடு போனது. கேமராவையும் கணினியையும் அணைத்துவிட்டு, கண்ணால் பார்த்துச் செருகுங்கள்.

கேள்வி: 60 நிமிட டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. வேகமாக ஏற்ற வழி உண்டா?

இல்லை. டேப் ஓடும் வேகத்தில்தான் வரும்.

கேள்வி: விண்டோஸ் 10. ஃபயர்வயர் கார்டு இருக்கிறது, கேமராவைக் காணவில்லை.

கேமரா பிளே நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விசிஆர் என்றும் எழுதியிருக்கும். பேட்டரியில் ஓட்டாமல் சார்ஜரில் போடுங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் டிரைவர்தான். 1394 (ஃபயர்வயரின் இன்னொரு பெயர்) கார்டுக்கான 'லெகஸி', அதாவது பழைய, டிரைவர் விண்டோஸ் 8-இலிருந்து கூடவே வருவதில்லை, மைக்ரோசாஃப்ட் தனியாகக் கொடுத்தது. அதை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் அதையே தேர்ந்தெடுங்கள். பதிவு செய்ய வின்டிவி என்ற சின்ன மென்பொருள் போதும். வந்ததை மாற்றாமல் அப்படியே எழுதும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் சுமார் 19 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. டேப் கெட்டுவிட்டதா?

டேப்பில் கோளாறு இல்லை. மினிடிவி ஒரு விநாடிக்கு சுமார் 3.6 எம்பி எடுக்கும், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி. உங்கள் ஹார்ட் டிஸ்க் கோப்புகளை ஃபேட்32 என்ற பழைய முறையில் வைக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 19 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.

கேள்வி: படம் கட்டம் கட்டமாக உடைகிறது. நடுநடுவே பட்டை பட்டையாக, ஒன்று விட்டு ஒன்று உறைந்து நிற்கிறது.

ஒன்று விட்டு ஒன்று என்று கவனித்துச் சொன்னதற்கு நன்றி, பாதி விடை அதிலேயே இருக்கிறது. கேமராவுக்குள் சுழலும் உருளையில் டேப்பைப் படிக்கும் இரண்டு ஹெட்கள் இருக்கின்றன, நிமிடத்துக்கு 9000 சுற்று. டேப்பில் உள்ள தடங்களை மாறி மாறிப் படிக்கும். ஒரு தடத்தின் அகலம் வெறும் 10 மைக்ரான். ஒரு ஹெட்டில் துகள் ஒட்டினால் பாதித் தடங்கள் வராது, படம் பட்டையாகிவிடும்.

சுத்தம் செய்யும் உலர் கேசட்டைப் போட்டு 10 விநாடி ஓட்டுங்கள். திரும்பத் திரும்ப ஓட்டினால் ஹெட் தேயும். சரியாகவில்லையென்றால் வேறொரு டேப்பைப் போட்டுப் பாருங்கள். அது நன்றாக ஓடினால் சிக்கல் அந்த டேப்பில். எல்பி (ஒரே டேப்பில் அதிக நேரம் பதிவாகும்) முறையில் பதிவு செய்ததென்றால் தடம் இன்னும் குறுகல், அதனால் பதிவு செய்த அதே கேமராவில் ஓட்டுவதே நல்லது. வேறு டேப்பைப் போடும்போது சேவ் பொத்தானையும் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? கேமராவின் மஞ்சள் வீடியோ கேபிளைச் செருகிக் கணினியில் பதிவு செய்யும் யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக் போதுமே. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

ஒன்றில்லை. டேப்பில் இருப்பது ஏற்கெனவே எண்கள். ஃபயர்வயர் அவற்றைப் பிரதி எடுக்கிறது. ஸ்டிக்கில் போனால் எண்கள் அனலாக் (எண்கள் இல்லாத மின் அலை) ஆகி, மறுபடி எண்களாகி, பெரும்பாலும் இன்னொரு முறை சுருக்கவும்படும்.

அதே நபர்: கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்துக்கு ஏன் கவலை?

சரி, சின்னத் திரையில் தெரியாமல் போகலாம். ஆனால் தேதி? மினிடிவியில் ஒவ்வொரு ஃபிரேமோடும் பதிவான நாளும் நேரமும் படத்துக்கு வெளியே தனியாக எழுதப்பட்டிருக்கும். ஃபயர்வயரில் அது கோப்புக்குள் கூடவே வரும், ஸ்டிக்கில் வராது. என் அப்பாவின் குரல் இருக்கும் ஒரே கேசட்டின் உறையில் ஆண்டு எழுதவில்லை. வீட்டில் ஆளுக்கொரு ஆண்டு சொன்னார்கள். கோப்பைத் திறந்து பார்த்தேன், நாள், மணி, விநாடி எல்லாம் இருந்தது. அன்று ஸ்டிக்கில் எடுத்து டேப்பைத் தூக்கிப் போட்டிருந்தால் அது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இன்னொருவர்: கேமராவில் கடிகாரமே வைக்காதவர்களுக்கு?

அவர்களுக்குத் தேதி இருக்காது, நியாயம். படம் மாறாமல் வருவது அவர்களுக்கும் பொருந்தும்.

மூன்றாமவர்: ஃபயர்வயருக்கு எனக்கு வழியே இல்லை. ஸ்டிக்கில் எடுப்பது தப்பா?

தப்பே இல்லை. எடுக்காமல் விடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சளை விட்டு அதில் செருகுங்கள். டேப்பை மட்டும் வைத்திருங்கள், பிறகு யாரிடமாவது ஃபயர்வயர் கிடைக்கும். ஹை8, விஹெச்எஸ்-சி போன்றவை அனலாக் டேப்புகள், அவற்றுக்கு ஸ்டிக்தான் வழக்கமான வழி. ஹை8 டேப்பைப் படிக்கும் டிஜிட்டல்8 கேமரா கிடைத்தால் அதிலிருந்து ஃபயர்வயரிலேயே எடுக்கலாம். இந்த வாதம் என்னை நிறைய எழுத வைத்துவிட்டது, மற்றவர்கள் மன்னியுங்கள்.

கேள்வி: மெமரி கார்டு கேமரா. எம்டிஎஸ் கோப்புகளைப் பிரதி எடுத்தேன். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் படம் தடுக்குகிறது.

எம்டிஎஸ் கோப்பாக எழுதும் இந்த ஏவிசிஹெச்டி வகைக் கேமரா நீண்ட பதிவைத் துண்டு துண்டாக எழுதும். எம்டிஎஸ்ஸை மட்டும் பொறுக்காமல் கார்டில் உள்ள கோப்புறை முழுவதையும் பிரதி எடுங்கள். கேமராவோடு வந்த மென்பொருள் துண்டுகளைத் தையல் தெரியாமல் சேர்த்துவிடும். எல்லாம் சரியாக இருக்கிறதென்று பார்க்கும் வரை கார்டை அழிக்காதீர்கள்.

கேள்வி: சின்ன டிவிடியில் பதிவாகும் கேமரா. கணினியில் டிஸ்க் காலி என்கிறது.

கேமராவில் 'ஃபைனலைஸ்' (மற்ற கருவிகளும் படிக்கும்படி டிஸ்க்கை முடித்துவைப்பது) செய்யுங்கள். 8 செ.மீ. டிஸ்க்கை, தட்டு இல்லாமல் உள்ளே இழுக்கும் டிரைவில் போடாதீர்கள், சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: யூஎஸ்பியில் செருகினால் ஃபோட்டோ மட்டும் வருகிறது, வீடியோ வரவில்லை.

முதல் பதில்.

கேள்வி: எடிட்டிங்குக்கு எந்த மென்பொருள் நல்லது?

அது என் துறை இல்லை, எடிட்டிங் செய்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: சார், யூஎஸ்பியில் டேப் தெரியவில்லை...

முதல் பதிலைப் படியுங்கள். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கேள்வி: குளிரான அறையிலிருந்து கேமராவை எடுத்து வந்தேன். திரையில் நீர்த்துளிப் படம் மின்னுகிறது, டேப் ஓட மறுக்கிறது.

உள்ளே ஈரம் படிந்திருக்கிறது. இப்போது ஓட்டினால் டேப் உருளையில் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் கேமரா மறுக்கிறது. கேசட்டை வெளியே எடுத்துவிட்டு, மூடியைத் திறந்தபடி ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் அந்தக் கேசட்டின் பொத்தான் சேவ் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.