பழைய வளவுப் பூசணி

கேள்வி: உகண்டாவில வேலை செய்யிற என்ட தம்பி போன்ல ஒரு அச்சோலிப் பழமொழி சொன்னான், "பழைய வளவில நிக்கிற பூசணியப் புடுங்காத" எண்டு. வளவ விட்டே போயாச்சு, மறுகா பூசணி நிண்டா என்ன செத்தா என்ன? இதெல்லாம் அங்க பிள்ளையளுக்கு ஆர், எங்க வெச்சுச் சொல்லிக் குடுக்கிற?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, நல்ல கேள்வி. அச்சோலி எண்டா உகண்டாட வடக்கால குலு, கிட்கும் பக்கம் இரிக்கிற சனம். அவங்கட பாஷையில இது "தே ஒகோனோ ஒபூர் போங் லுபுது". ஒகோனோ பூசணி, ஒபூர் ஆக்கள் விட்டுட்டுப் போன வளவு. அங்க பூசணிக் காயும் சாப்பாடு இலையும் சாப்பாடு, ஒருக்கா வேர் புடிச்சா ஆள் பாக்காமலே படரும், அதால நீங்க வேற இடத்துக்குக் குடி போறண்டாலும் அதப் புடுங்கி எறிஞ்சு உங்களுக்கு ஒரு லாபமுமில்ல, வாறவன் போறவன்ட வயித்திலதான் அடிக்கிறீங்க. 1966ல ஒகோட் பிபிடெக் எண்ட அச்சோலிக் கவிஞர் தன்ட நெடுங்கவிதையில, வெள்ளைக்காரப் பழக்கம் புடிச்சு ஊர் வழமைய இளக்காரமாப் பேசுற புருசனப் பாத்து பொஞ்சாதி இதச் சொல்லுறமாதிரி வெச்சார், அதோட இது உலகம் முழுக்கத் தெரிஞ்சிட்டு.

90ல நாங்க ஊர விட்டு ஓடி, கன காலத்தால திரும்பி வரக்குள்ள வீட்டுக்குக் கூரையில்ல, கதவில்ல, கிணத்தடி முருங்கை மட்டும் நிண்டிச்சு. அண்டைக்கு அம்மா அடுப்ப மூட்டி ஆக்கின முதல் கறி அந்த முருங்கையிலைச் சுண்டல்தான். அந்த மரத்த ஆரும் தறிச்சிருந்தா எங்களுக்கு அண்டைக்கு வெறுஞ்சோறு.

அச்சோலிச் சனமும் இதே பாடு பட்டதுதான். அரசாங்கத்துக்கும் கிளர்ச்சிக்காரருக்கும் நடந்த சண்டையில 1996லயிருந்து பெருவாரியான ஆக்கள அரசாங்கம் கேம்புக்குள்ள அடைச்சிது, 2006ல சண்டை நிப்பாட்டினாப்பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமா வளவுக்குத் திரும்பினாங்க. பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிற இடம் எதெண்டு கேட்டீங்கதானே, அது "வாங் ஓ", இரவில முத்தத்தில மூட்டுற நெருப்பு. அதச் சுத்தி இருந்துதான் பெரியாக்கள் கதையும் பழமொழியும் சொல்லுவாங்க, கேம்புக்குள்ள அது அணைஞ்சு போயிட்டு, ஒரு தலைமுறைப் பிள்ளையள் அது இல்லாமலே வளந்துட்டுகள். இத நினைச்சாத்தான் எனக்கு எங்கட வீடு போனதவிட மனசு கஷ்டமா இரிக்கு.

தம்பி லீவுக்கு வரக்குள்ள அங்கத்தய கிழவிமாரிட்டக் கேட்டு இன்னும் நாலு பழமொழி எழுதிட்டு வரச்சொல்லுங்க, இதே பக்கத்தில போடுவம்.