பறக்கும் பறவையும் சின்ன கேமராவும்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் நம் குமரி மாவட்டத் தேரூர் குளத்துக் கூழைக்கடா (பெலிகன்) படம் வந்ததிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. கேட்பவர்களில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது சட்டைப் பைக்குள் அடங்கும் டிஜிட்டல் கேமரா, அல்லது லென்ஸைக் கழற்ற முடியாத ஜூம் கேமரா. அதனால் இந்த முறை அவற்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அண்ணாச்சி, மாமா வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொடுத்த சின்ன கேமரா என்னிடம் இருக்கிறது. ஆடி மாதம் காலையில் தேரூர் குளத்துக்குப் போனேன். உட்கார்ந்திருக்கும் கொக்கு அழகாக விழுகிறது. பறந்தால் வால் மட்டும் தெரிகிறது, இல்லாவிட்டால் வெறும் வானம். கேமராவை மாற்ற வேண்டுமா?
கல்லூரி மாணவர், சுசீந்திரம்

மாற்ற வேண்டாம் தம்பி. உங்களுக்கு இரண்டு பிரச்சினை இருக்கிறது, இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் வெறும் வானம். பொத்தானை அழுத்தியவுடன் சின்ன கேமரா படம் எடுத்துவிடாது. ஃபோகஸ் தேடும், வெளிச்சத்தை அளக்கும், அப்புறம்தான் எடுக்கும். பழைய மாடல்களில் இதற்கு அரை நொடி வரை ஆகும். கொக்கு நொடிக்கு ஏறத்தாழ பத்து மீட்டர் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை நொடியில் ஐந்து மீட்டர் போய்விடும். படச் சட்டத்தில் வானம்தான் மிச்சம்.

இதற்கு வழி, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடிப்பது. கொக்கு எந்த வழியாகப் பறக்கப்போகிறதோ, ஏறத்தாழ அதே தூரத்தில் இருக்கும் ஒரு பனையையோ மடையின் கல்லையோ பார்த்துப் பாதி அழுத்துங்கள். பச்சைப் பெட்டி வரும், பீப் சத்தம் கேட்கும். விரலை எடுக்காமல் அப்படியே காத்திருங்கள். பறவை வந்ததும் மீதியை அழுத்தினால் படம் உடனே விழும். சின்ன கேமராவில் படத்தைப் பதியும் சென்சாரும் சின்னது, அதனால் ஃபோகஸ் ஆழம் அதிகம். பறவை இரண்டு மூன்று மீட்டர் முன்னே பின்னே வந்தாலும், ஜூமை முழுதும் இழுக்காத வரை தெளிவு கெடாது. பெரிய லென்ஸ்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இனி வால். அதற்குக் காரணம் நீங்கள் நின்ற இடம். பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்துத்தான் போகும். எதிர்காற்று இருந்தால் கொஞ்ச வேகத்திலேயே இறக்கை உடம்பைத் தூக்கிவிடும். கூழைக்கடா மாதிரி கனத்த பறவைக்கு இது இன்னும் முக்கியம். ஆடியில் நமக்கு மேலைக்காற்று, கடற்கரைப் பக்கம் கச்சான் என்பார்கள். காலை வெயில் முதுகில் விழட்டும் என்று நீங்கள் கிழக்குக் கரையில் நின்றிருப்பீர்கள். அது சரியான யோசனைதான். ஆனால் கொக்கு மேற்கே பார்த்து எழும்பியிருக்கும். உங்கள் பக்கம் வாலும் நீட்டிய காலும்தான் திரும்பியிருக்கும்.

ஆனி, ஆடியில் மாலை நாலரை மணிக்கு மேல் மேற்குக் கரைக்குப் போங்கள். வெயிலும் காற்றும் சேர்ந்து உங்கள் முதுகில் இருக்கும். எழும்புகிற பறவை உங்களைப் பார்த்து வரும், முகத்தில் வெளிச்சமும் விழும். கார்த்திகையிலிருந்து மாசி வரை இது தலைகீழ். காலையில் வாடையோ கொண்டலோ பெரும்பாலும் வடக்கு, கிழக்குப் பக்கங்களிலிருந்து வரும். அப்போது கிழக்குக் கரையில் காலையில் நின்றால் எல்லாம் கூடிவரும். வலசைப் பறவைகள் நம் குளங்களுக்கு வருகிற காலமும் அதுவே என்பது நமக்குக் கிடைத்த கொடுப்பினை. பறவைப் படத்துக்கு நம் மாவட்டத்தைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது.

காற்றின் திசை அறியக் கருவி ஒன்றும் வேண்டாம். பலத்த காற்றில் வரப்பில் உட்கார்ந்திருக்கும் கொக்குகளைப் பாருங்கள், எல்லாம் ஒரே பக்கம் முகத்தை வைத்திருக்கும். அதுதான் காற்று வரும் திசை. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் காற்றாலைகளின் முகமே சொல்லிவிடும்.

பறக்கப்போவதை முன்கூட்டியே அறிவதும் பழகினால் வரும். உட்கார்ந்திருக்கும் கொக்கு கழுத்தைச் சுருக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, முட்டியை லேசாக மடக்கும். பல பறவைகள் எழும்புவதற்குச் சற்று முன் எச்சமிடும். நீர்க்காகமும் நாமக்கோழியும் தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் ஓடித்தான் எழும்பும், அந்த ஓட்டமே நமக்கு அவகாசம். கூழைக்கடா இரண்டு காலையும் சேர்த்துத் தண்ணீரை உதைக்கும். முதல் உதை கேட்டதும் விரல் மீதியை அழுத்தலாம்.

என் கேமராவில் ஷட்டர் வேகத்தை மாற்ற வழியே இல்லை. இறக்கை எப்போதும் கலங்கித் தெரிகிறது.
ஆசிரியை, தக்கலை

டீச்சர், ஓடுகிற மனிதன் படம் போட்ட ஸ்போர்ட்ஸ் மோட் இருக்கிறதா பாருங்கள். அதில் வைத்தால் கேமராவே வேகமான ஷட்டரைத் தேடிக்கொள்ளும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, மாற்ற முடிந்தால் 400 வையுங்கள், மேகமூட்டமாக இருந்தால் 800. அதற்கு மேல் போனால் சின்ன சென்சாரில் புள்ளிகள் தெரியும், இறகின் நுணுக்கம் அழிந்துபோகும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அந்தத் தூரத்துக்கு அது எட்டாது, படங்களுக்கு இடையே காக்கவும் வைக்கும்.

மற்ற வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டயலில் 'எஸ்' என்றோ, கேனன் என்றால் 'டிவி' (Tv) என்றோ இருந்தால் ஷட்டர் வேகம் உங்கள் கையில். நிதானமாக இறக்கையடிக்கும் கூழைக்கடா, நாரைக்கு 1/500 நொடி போதும். கொக்குக்கு 1/1000. ஆலாவுக்கு அதற்கும் மேலே.

தொடர்ந்து படம் எடுக்கும் பர்ஸ்ட் வசதியைப் பயன்படுத்துங்கள், ஆனால் அழுத்திப் பிடித்தபடியே இருக்காதீர்கள். பத்துப் பதினைந்து படம் ஓடியதும் கார்டில் எழுதுவதற்காகக் கேமரா அசையாமல் நின்றுவிடும், நல்ல நேரம் பார்த்துத்தான் நிற்கும். மூன்று நான்கு படமாக விட்டு விட்டு அழுத்துங்கள். ஸ்டுடியோவில் ஒரு சுருளுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்துப் பழகிய எனக்கு இந்த வசதி எவ்வளவு பெரியது என்று தெரியும். 1882இல் பிரான்ஸில் மாரே என்ற உடலியல் அறிஞர், பறவையின் இறக்கை எப்படி அசைகிறது என்று அறிவதற்காகவே துப்பாக்கி வடிவத்தில் ஒரு கேமரா செய்தார். அது நொடிக்கு 12 படம் எடுத்தது. அவர் துப்பாக்கி மாதிரி தோளில் வைத்துக் குறிபார்த்த காரியத்தை இன்று நீங்கள் உள்ளங்கையில் வைத்துச் செய்கிறீர்கள்.

எங்கள் ஏலாவில் டிராக்டர் உழும்போது கொக்குகள் கூட்டமாகப் பின்னால் வருகின்றன. ஜூம் போட்டால் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை.
இல்லத்தரசி, குழித்துறை

ஜூமைப் போட்டுவிட்டுத் தேடாதீர்கள் அக்கா. முதலில் ஜூம் இல்லாமல் பறவையைச் சட்டத்தின் நடுவில் கொண்டுவாருங்கள். அதைப் பின்தொடர்ந்துகொண்டே மெல்ல இழுங்கள், முக்கால்வாசியில் நிறுத்துங்கள். முழு ஜூமில் கை நடுக்கமும் பெரிதாகும், வெளிச்சமும் குறையும். டிஜிட்டல் ஜூமை மெனுவுக்குள் போய் அடியோடு அணைத்துவிடுங்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், அதை நீங்களே பிறகு செய்துகொள்ளலாம்.

ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவன் கூடவே நாலு எட்டு ஓடித்தான் காலை வைப்பான். அதுபோல, அழுத்துவதற்கு முன்பே பறவையோடு கேமராவும் போய்க்கொண்டிருக்க வேண்டும், அழுத்திய பிறகும் போக வேண்டும். பாதம் அசையக்கூடாது, இடுப்புக்கு மேலே மட்டும் திரும்புங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். திரையைப் பார்த்து எடுக்கிற கேமரா என்றால் கழுத்து வாரை விறைப்பாக இருக்கும்படி முன்னால் தள்ளிப் பிடியுங்கள், நடுக்கம் நன்றாகக் குறையும்.

உழவுக்குப் பின்னால் வருகிறது உண்ணிக்கொக்கு. டிராக்டர் கிளப்பிவிடும் பூச்சிகளில் கண்ணாக இருப்பதால் ஆளைப் பார்த்து அவ்வளவாக மிரளாது. டிராக்டர் திரும்புகிற வரப்பு முனையில் நில்லுங்கள். வண்டி திரும்பும்போது முன்னால் நிற்பவை எழும்பிப் பக்கத்திலேயே இறங்கும்.

சார், வள்ளத்திலிருந்து கிருஷ்ணப் பருந்தைப் படம் பிடிக்கிறேன். மீனைத் தூக்கும்போது பக்கத்தில் வரும். படத்தில் கரிக்கட்டையாகத் தெரிகிறது. உப்புக்காற்றில் கேமராவும் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
மீன்பிடித் தொழிலாளி, குளச்சல்

கரையில் நிற்கும் எங்களுக்குக் கிடைக்காத இடம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. காற்றைப் பற்றி நான் மேலே எழுதியதெல்லாம் உங்களுக்குப் பால பாடம்.

வானம் வெளிச்சமாக இருப்பதால் கேமரா மொத்தக் காட்சியையும் இருட்டாக்கிவிடுகிறது, பருந்து கறுத்துவிடுகிறது. கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தானில் கூட்டல் பக்கம் ஒன்று வையுங்கள். வானம் வெளுத்தாலும் பருந்தின் செம்பழுப்பு வரும். ஆனால் பருந்தின் தலையும் மார்பும் வெள்ளை. இளவெயில் நேராக அதன் மேல் விழும்போது கூட்டலைப் பாதியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை இறகின் கோடுகள் அழிந்துவிடும். பின்னால் தென்னையோ பாறையோ இருட்டாக இருந்தால் கழித்தல் பக்கம் போக வேண்டும், கொக்குக்கும் இதே கணக்கு. உச்சி வெயிலில் இறக்கையின் அடிப்பக்கம் நிழலாகத்தான் இருக்கும், எந்தப் பொத்தானும் அதைச் சரிசெய்யாது. விடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், வெயில் தாழ இருக்கும்போது எடுங்கள். பருந்து வட்டமிட்டுச் சாயும்போது இறக்கையின் அடியில் வெயில் அடிக்கும் ஒரு கணம் வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ அதே இடத்தில் வரும். முதல் சுற்றைப் பார்த்து வைத்துக்கொண்டு அடுத்ததில் எடுங்கள்.

உப்பைப் பற்றிய பயம் நியாயமானது. எடுக்காத நேரத்தில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். ஈரக்கையால் தொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். லென்ஸ் கண்ணாடியை முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். உப்புத் துகளோடு தேய்த்தால் கீறல் விழும். வாயால் ஊதக்கூடாது. நீட்டிய ஜூமைத் துடைத்துக் காயவைத்த பிறகே உள்ளே போக விடுங்கள், ஈரத்தோடு போனால் உப்பும் மணலும் கூடவே உள்ளே போகும்.

என் நண்பர்கள் கல் எறிந்தால் பறவைகள் எல்லாம் ஒன்றாகப் பறக்கின்றன. படம் நன்றாக வருகிறது. இது தப்பா?
எட்டாம் வகுப்பு மாணவன், அகஸ்தீஸ்வரம்

தப்புதான் மக்களே. கேட்டாயே, அதற்கு என் அன்பு.

ஒவ்வொரு முறை மிரண்டு எழும்பும்போதும் அந்தப் பறவை தின்றதில் ஒரு பகுதி வீணாகிறது. மணக்குடிக் காயலுக்கும் புத்தளம் உப்பளத்துக்கும் வரும் சின்ன உள்ளான்கள் பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவை. திரும்பிப் போவதற்கு உடம்பில் கொழுப்புச் சேர்க்கத்தான் நாள் முழுதும் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கின்றன. கூடு இருக்கும் மரத்தில் எறிந்தால் தாய் எழும்பிய நேரத்தில் காகம் முட்டையைக் கொண்டுபோகும். சுசீந்திரம்-தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை, உலக அளவில் காக்க வேண்டிய இடங்கள் என்ற மதிப்பு அது. உன் ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு இடம் இருக்கிறது என்று நண்பர்களிடம் சொல்.

படத்துக்காகவும் ஒன்று சொல்கிறேன். மிரண்ட பறவை எப்போதும் நம்மை விட்டு விலகித்தான் பறக்கும். கல் எறிந்தவனுக்கு முதுகுதான் கிடைக்கும். பேசாமல் உட்கார்ந்திருப்பவன் பக்கம்தான் அது முகத்தைக் காட்டிக்கொண்டு வரும்.

புதிதாக வாங்க வேண்டுமானால் எதைப் பார்க்க வேண்டும்?
வங்கி ஊழியர், மார்த்தாண்டம்

கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெயிலில் திரை தெரியாது. ஜூம் எத்தனை மடங்கு என்பது அதற்கு அடுத்ததுதான்.

எந்தப் பறவையில் தொடங்கலாம்?
ஓய்வுபெற்ற தபால்காரர், நாகர்கோவில்

கறுப்பு வெள்ளை மீன்கொத்தியில் தொடங்குங்கள் அண்ணாச்சி. புத்தேரி குளத்திலோ பறக்கை குளத்திலோ பொறுமையாகப் பார்த்தால் கிடைக்கும். இரைக்காக அது தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று இறக்கையடிக்கும். சில நொடிகள் அப்படியே நிற்கும். அலகு செங்குத்தாகக் கீழே பார்க்கும், இறக்கை அத்தனை அடித்தாலும் தலை மட்டும் அசையாது. ஃபோகஸ் பிடிக்கச் சின்ன கேமராவுக்கு அந்த நேரம் போதும். இறக்கை நுனி கொஞ்சம் கலங்கியிருந்தால் கவலைப்படாதீர்கள், கண் தெளிவாக இருந்தால் அது நல்ல படம். விழுந்து எழும்பும்போது வாயில் மீன் இருந்தால் பெரும்பாலும் பக்கத்துக் குச்சிக்கோ கம்பிக்கோ போய் மீனை அதில் அடித்துத்தான் விழுங்கும். அடுத்த பாய்ச்சலுக்கு அதற்குள் ஜூமைச் சரிசெய்துகொள்ளலாம்.

அது கைவந்த பிறகு மீசை ஆலாவுக்குப் போங்கள். மழைக்காலத்துக்குப் பிறகு குளங்களில் நிறைய இருக்கும். காற்றை எதிர்த்துத் தண்ணீரை ஒட்டி மெதுவாக வரும், கரை முடிந்ததும் சட்டென்று திரும்பிக் காற்றோடு போய் மறுபடி அதே தடத்தில் வரும். எதிர்காற்றில் வருகிற பக்கத்தை மட்டும் எடுங்கள், திரும்பிப் போகிற வேகத்தில் கிடைக்காது. எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள். எந்தக் குளம், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம் என்று பின்னால் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் படத்தோடு சேர்த்துப் பேசலாம்.